கழுவிக் கொண்டுவந்த மண்

வினிகர் வாசனை வந்தால் எனக்குக் குமட்டும். ஓட்டலில் நூடுல்ஸோடு வைக்கிற மிளகாய்க் கிண்ணத்தை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிடுவேன். சாப்பாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அடையாறில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக அந்த வாசனையில்தான் குடியிருக்கிறேன். அங்கே அது மண்ணைக் கழுவுகிற அமிலம்.

பாட்டில் கழுவத்தான் என்னை எடுத்தார்கள். பிளஸ் டூவுக்கு மேல் படித்ததில்லை. கருவியோடு வரும் கையேடுகளை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். புரியாததை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் கேட்டேன். "இந்தப் பொம்பளைக்கு வாய் மூடாது" என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள், பிறகு மூட்டை வந்தால் என் மேசையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அந்த மூட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு மாநிலச் சுரங்கங்களிலிருந்து, தாது எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை எங்களுக்கு வரும். பார்க்க சாம்பல் கரைத்த மாவு மாதிரி இருக்கும். சிலது மஞ்சள் பொருக்குத் தட்டியிருக்கும். அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் அழுகின முட்டை நாற்றம் கிளம்பி, கீழே மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து, "இன்னா மேடம், பொணம் எதுனா வெச்சுக்கீறீங்களா" என்று கேட்பார். ஜனங்கள் இப்படிச் சொல்வதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். ஒரு விவசாயி, பாழாய்ப்போன வயல் மண்ணை என்னிடம் கொடுத்துவிட்டு, "என்கிட்ட இது பேசறத நிறுத்திடுச்சு, உங்ககிட்டயாச்சும் பேசுதா பாருங்க" என்றார். அந்த நோட்டின் முதல் பக்கம் அதுதான்.

மண் எங்களிடம் பேசும். ஆனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லாது. ஈயம் எவ்வளவு இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். அது அந்த மண்ணில் என்னவாக இருக்கிறது என்பதுதான் எங்கள் வேலை. கந்தகத்தோடு சேர்ந்து கறுத்த கல்லாக இருக்கிற ஈயத்தை ஒரு குழந்தை விழுங்கினால், பெரும்பாலும் வந்த வழியே வெளியே போய்விடும். அதே ஈயம் காற்றும் மழையும் பட்டுக் கார்பனேட்டாக மாறியிருந்தால் வேறு கதை. தண்ணீரில் போட்டால் கரையாது, சாதுவாகக் கிடக்கும். வயிற்றுப் புளிப்பில் பட்டதும், எலுமிச்சைச் சாற்றில் போட்ட முட்டை ஓடு மாதிரி நுரைத்துக் கரையும். கரைந்தது ரத்தத்தில் ஏறும்.

அதனால் மண்ணை ஒன்றன்பின் ஒன்றாகப் பல திரவங்களில் கழுவுவோம். முதலில் உப்புத் தண்ணீர், பிறகு அந்த வினிகர் அமிலம், பிறகு துருவை உடைக்கிற ஒன்று, கந்தகப் பிணைப்பை எரிக்கிற ஒன்று, கடைசியில் கல்லையே தின்கிற அமிலம். எந்தக் கழுவலில் ஈயம் வெளியே வருகிறதோ, அங்கேதான் அது ஒளிந்திருந்தது என்று அர்த்தம். இது தவிர, குழந்தையின் வயிற்றில் இருக்கும் புளிப்பை அப்படியே தயார்செய்து, உடம்புச் சூட்டில் மண்ணை ஒரு மணி நேரம் உருட்டிப் பார்ப்போம். அதற்கு எங்கள் கூடத்தில் 'வயிற்றுத் தண்ணீர்' என்று பெயர்.

இத்தனையும் தெரிந்த நான் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

சாந்தோமில் ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றபின் தன் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் வந்து கூட்டிப்போவார்கள். வீட்டின் பின்பக்கம் பள்ளம். மழை பெய்தால் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். ஒரு காண்ட்ராக்டரிடம் சொல்லி மண் அடித்து மேடாக்கினார். கொஞ்ச நாளில், தரை ஏன் சாம்பல் நிறமாக இருக்கிறது என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் கூடத்துக்குப் போன் செய்து விசாரித்தார். "ஒரு கிலோ மண்ணு கொண்டு வாங்க, பல இடத்துல எடுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து எவர்சில்வர் டப்பாவில், மேலே வெள்ளைத் துணி கட்டிக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் வறுத்த ரவை மாதிரி மண். ஒரு குச்சி கிடையாது, ஒரு குப்பை கிடையாது.

"எல்லாரும் சாக்குல அள்ளிக்கினு வராங்க. நீங்க சாமிக்குப் படைக்கிற மாதிரி கொண்டாந்திருக்கீங்க டீச்சர்" என்றேன்.

"ஒரு இடத்துல கொண்டு போய்க் கொடுக்கறோம், அழுக்கா கொடுக்கலாமா?" என்றார்.

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நிற்கவில்லை.

குழந்தைகள் விளையாடும் மண்ணைச் சோதிக்கும்போது, மெல்லிய சல்லடையில் சலித்து, கீழே விழும் மாவை மட்டும்தான் எடுக்க வேண்டும். கையில் ஒட்டுவது அந்த மாவுதான், வாய்க்குப் போவதும் அதுதான். டீச்சர் மண்ணைச் சலித்தேன். கீழே ஒன்றுமே விழவில்லை. நகத்தில் எடுக்கிற அளவுகூட இல்லை. ஏன் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அன்று பத்து மூட்டை காத்திருந்தது. மேலே நின்ற மணலைக் கல்வத்தில் போட்டு அரைத்து, மாவாக்கி, அதைச் சோதித்தேன். எங்கள் தொழிலில் அது மன்னிக்கக்கூடிய தப்பு இல்லை. எழுதும்போதே கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

ஈயம் குறைவு, வயிற்றுத் தண்ணீரிலும் குறைவு என்று முடிவு வந்தது. சார் கையெழுத்துப் போட்டார். சார் என்றால் எங்கள் கூடத்தின் தலைமை. டீச்சர் வந்து அறிக்கையை வாங்கிக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்து, "ராத்திரி தூக்கமே இல்ல, இனிமே தூங்குவேன்" என்றார். வீட்டில் செய்த கேக் ஒரு துண்டு கொடுத்தார். நான் சாப்பிட்டேன்.

ஒன்றரை மாதம் இருக்கும். காப்பகத்தின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார், போனேன். வாசலை அடுத்த அறையில், பெற்றோர் கண்ணில் படுகிற மாதிரி, எங்கள் அறிக்கையை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார். உள்ளே பாட்டு ஒத்திகை. பின்பக்கம் போனேன்.

தரை முழுக்க சாம்பல். என் செருப்புப் பட்ட இடத்தில் பவுடர் மாதிரி எழும்பியது. இரண்டரை வயதுப் பெண்குழந்தை ஒன்று குந்தி உட்கார்ந்து, விரலை நக்கி, மண்ணில் வைத்து, மறுபடி நக்கியது. சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிற மாதிரி. வாயைச் சுற்றிச் சாம்பல் மீசை. குனிந்து தரையைத் தொட்டேன். பட்டு மாதிரி வழுவழுப்பு. உதறினாலும் விரல் ரேகையை விட்டுப் போகவில்லை. நான் சோதித்த மண் இது இல்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். "டீச்சர், எனக்குக் கொடுத்த மண்ணு எங்க எடுத்தீங்க?"

"இங்கதான், நாலு மூலையிலயும்."

"எடுத்து என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? கருப்புக் கருப்பா பிளாஸ்டிக் துண்டு இருந்துச்சு, பொறுக்கிப் போட்டேன். அப்புறம் ஏழெட்டுத் தண்ணி விட்டு, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் களைஞ்சு, மொட்டை மாடியில காய வெச்சுக் கொண்டு வந்தேன். கலங்கலா கொடுத்தா மெஷின் கெட்டுடாதா?"

அரிசி களைகிற மாதிரி களைந்திருக்கிறார். ஒட்டுகிற மாவு, விஷமிருந்தால் அது தங்குகிற மாவு, எல்லாம் சாக்கடையில் போய்விட்டது. மிச்சமிருந்த சுத்தமான மணலை நான் அரைத்து, 'பயமில்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபம் வரவில்லை. நாலு பேருக்குக் கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். சல்லடையில் ஒன்றும் விழாததைப் பார்த்தவள் நான்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு புள்ளையும் பின்னாடி வரக்கூடாது. கதவைப் பூட்டுங்க. எல்லார் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றேன். என் கையாலேயே மண் அள்ளிக்கொண்டு போனேன். கழுவாமல்.

சல்லடையில் கொட்டியபோது மேலே கறுப்பு பிளாஸ்டிக் சில்லுகளும், பிய்ந்த வலை மாதிரி மெல்லிய உலோகத் துணுக்குகளும் நின்றன. ஈயத்துக்காகப் பழைய பேட்டரிகளை உடைக்கிற இடத்து மண். கீழே மாவு கொட்டியது. உப்புத் தண்ணீரில் கொஞ்சம் வந்தது. வினிகர்க் கழுவலில் கருவியின் கோடு எழும்பி, தாளைவிட்டு மேலே போய்விட்டது. பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி வைத்தேன், மறுபடியும் போனது. கார்பனேட். வயிற்றுத் தண்ணீரில் முக்கால்வாசிக்கு மேல் கரைந்தது. சுரங்கச் சக்கை மூட்டைகளில் இதைவிட அதிக ஈயத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிகூட வயிற்றில் கரையாது. இது மொத்தத்தில் அதைவிடக் குறைவு, ஆனால் குழந்தைக்கென்றே பக்குவம் செய்து வைத்த மாதிரி இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

சாரிடம் அரைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம ரிப்போர்ட்ல கீழ ஒரு வரி இருக்கும்மா. 'இம்முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' அந்த மாதிரிக்கு அந்த முடிவு தப்பு இல்ல. இத ரெண்டாவது மாதிரின்னு தனியா குடுத்துடுவோம்."

"அது சொவத்துல மாட்டிக்கீது சார். புள்ளைங்க தலைக்கு மேல."

கெட்ட மனுஷர் இல்லை. எனக்குப் படிப்பில்லை என்று எல்லோரும் சொன்னபோது என்னை வைத்துக்கொண்டவர். ஆனால் அந்த வரியை அவர் விரலால் தொட்டுக் காட்டியபோது, தட்டில் கரப்பான்பூச்சியைப் பார்த்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் ஒவ்வொரு அறிக்கையிலும் நானே தட்டச்சு செய்த வரி அது. கடைசியில் அவரே முதல் அறிக்கையை ரத்து செய்து கடிதம் அடிக்கச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் என் தப்பையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

கடிதத்தோடு நான் போன அன்று காண்ட்ராக்டரும் வந்திருந்தார். டீச்சர் கூப்பிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பல்லிடுக்கில் ஒரு குச்சி. பேச்சுக்கு நடுவே குச்சியை எடுத்து முனையைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, மண்ணுக்குப் போயி ஜாதகம் பாத்துக்கினு கீறீங்க. நானும் டெஸ்ட் எடுத்துக்கீறேன், இந்தா." ஒரு தாளை நீட்டினார். எங்கேயோ ஒரு கூடத்தில் அதே மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்திருக்கிறார்கள். 'ஈயம்: கண்டறியப்படவில்லை.' தாளில் ஒரு எழுத்து பொய் இல்லை.

"தண்ணியில கரையாது, ஒத்துக்கறேன். புள்ள வயித்துல கரையும்" என்றேன்.

"புள்ள மண்ண துன்னா, அது பெத்தவங்க தப்பு. நான் நெலத்த மேடாக்கத்தான் மண்ணு குடுத்தேன், துன்னவா குடுத்தேன்?"

வேறு நாளாக இருந்தால் இதையும் நோட்டில் எழுதியிருப்பேன், அத்தனை சாமர்த்தியமான பேச்சு. தாளை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"எங்க எடுத்த மண்ணு?" என்று டீச்சர் கேட்டார்.

"ஏதோ பழைய ஷெட்டு இடிச்சாங்க. பிளாட்டு கட்டறாங்க. இருந்துச்சு, கொண்டாந்தோம். இப்ப இன்னா, எடுக்கணும், அவ்ளோதான? லாரி அனுப்பறேன்."

மாலையில் அம்மாக்கள் வந்தார்கள். டீச்சர் ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை. விரலை நக்கிக்கொண்டிருந்த அந்தக் குழந்தையின் அம்மாவிடம் மட்டும் நானே சொல்கிறேன் என்றேன். தி.நகரில் ஒரு கடையில் ரவிக்கை தைக்கிற பெண். தோளில் இன்னும் அளவு நாடா தொங்கியது. வீட்டில் உருது, எங்களோடு மயிலாப்பூர்த் தமிழ்.

"நீங்கதான அந்த டெஸ்ட்டு எடுத்த அக்கா?" என்று சிரித்தாள்.

"ஆமாம்மா. அது தப்பா போச்சு."

சொன்னேன். மணலை அரைத்ததையும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்தபின் சுவரில் அறிக்கை இருந்த இடத்தைப் பார்த்தாள். டீச்சர் கழற்றியிருந்தார், ஆணி மட்டும் இருந்தது.

"இவ மண்ணு தின்னா நான் அடிப்பேன் அக்கா. கையிலயே போடுவேன். அந்தக் காகிதத்த பாத்தப்புறம் விட்டுட்டேன். போனா போகுது, டெஸ்ட்டு பண்ண மண்ணுதானேன்னு."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவளோடு ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். குழந்தை ஊசிக்கு அழவில்லை. பஞ்சைத்தான் வாயில் போடப் பார்த்தது. முடிவு வந்தது: ரத்தத்தில் ஈயம் இருக்கக்கூடாத அளவில் இருந்தது. படுக்கையில் போடுகிற அளவு இல்லை என்றார் மருத்துவர். மண்ணை நிறுத்துங்கள், இரும்புச் சத்து மருந்து கொடுங்கள், பால் கொடுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். மற்ற குழந்தைகளையும் பார்த்தார்கள், அவர்களுக்குக் குறைவு. இவள் அளவுக்கு யாரும் தின்னவில்லை.

அந்த வாரமே லாரி வந்தது. தார்ப்பாய்கூட இல்லை. நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். குழந்தைகள் அதற்குள் சர்ச்சுக்குச் சொந்தமான ஒரு கூடத்துக்கு மாறியிருந்தார்கள். நான், டீச்சர், தையல் வேலைக்குப் போகாமல் வந்த அந்த அம்மா, மூன்று பேரும் நின்றோம்.

"எங்க கொண்டு போறீங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"வேளச்சேரி பக்கம் ஒரு பள்ளம் கீதுக்கா. மழைக்கு முன்னாடி ரொப்பணுமாம். ஆர்டர் ஆயிடுச்சு."

அவன் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. எங்கள் குழந்தைகளிடமிருந்து எடுத்து வேறு குழந்தைகளிடம் கொட்டுவதற்கு, நாங்களே கேட் திறந்துவிட்டு நிற்கிறோம்.

அந்த அம்மா லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டாள். "அங்க யாரு வூடு கட்றாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்மா? மண்ணு கேட்டாங்க, குடுக்கறோம்."

"அப்ப இத எறக்கு."

"இன்னும் ஏத்தவே இல்லியேம்மா."

"ஏத்தாத. போ."

அவன் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: "வேணான்னா வேணாம், அவுங்களே வெச்சுக்கினு கும்புடட்டும்." லாரி காலியாகத் திரும்பியது. பிறகு சார் தனக்குத் தெரிந்தவர்களைப் பிடித்து, அபாயக் கழிவை முறைப்படி வாங்கிப் புதைக்கிற இடத்துக்கு எழுதினார். மூடி போட்ட டிரம்களில் மண் போக இரண்டரை மாதம் ஆனது. அதுவரை பின்கட்டு முழுக்கத் தார்ப்பாய், ஓரங்களில் செங்கல். டீச்சர் அந்தப் பக்க ஜன்னலையே திறக்கவில்லை. "பக்கத்துல நாய் செத்துக் கெடக்கற மாதிரி இருக்கு. ஆனா நாத்தம் இல்ல. நாத்தம் இருந்திருந்தா நான் அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பேன்" என்றார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் நான் கூடப் போனேன். அளவு குறைந்திருந்தது. முன்பிருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"குறைஞ்சதெல்லாம் வெளிய போயிடுச்சா டாக்டர்?"

"கொஞ்சம் வெளிய போயிருக்கு. கொஞ்சம் எலும்புக்குள்ள போயிருக்கும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். குழந்தை அம்மாவின் தோளில் தூங்கிவிட்டது. அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீங்க மண்ணுல அது என்னவா இருக்குன்னு பாக்கறவங்கதான அக்கா. எலும்புல அது என்னவா இருக்கும்?"

"சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டிய எடத்துல உக்காந்துக்கும்."

"எவ்ளோ நாளு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு தடவை அவளுக்குத் தப்பாகச் சொன்னது போதும்.

"வருஷக்கணக்கா. கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். பாலும் மருந்தும் விடாம குடு."

பஸ் வந்தது. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஏறும்போது, கூட்டத்தில் யாரும் இடிக்காதபடி, தன் கையை அதன் முதுகெலும்பின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள்.